சித்தியின் படமும் மாளிகைத் தோட்டமும்

எங்கள் வீட்டில் யாருக்கும் பூக்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, எந்தக் காலத்திலோ ஒரு பிரபு குடும்பம் கட்டிய மாளிகையின் தோட்டத்துக்குப் பருவம் தவறாமல் போவோம். வசந்தத்தில் துலிப், கோடையில் ரோஜா, இலையுதிர் காலத்தில் டாலியா. பூப் பார்க்கத்தான் போகிறோம் என்று நான் நெடுநாளாக நம்பியிருந்தேன்.

உண்மையில் போனது சித்தியைப் படம் எடுக்க. அம்மாவின் தங்கையான அவருக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் விடியற்காலை வேலை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு வீட்டுச் சுவரோடு நிற்கவைத்து எடுத்த படத்தை அனுப்புவது எங்கள் ஆட்களுக்குக் கௌரவக் குறைவு. பின்னால் மாளிகை வேண்டும், பக்கத்தில் பூ வேண்டும். படம் போகும். பதில் வராது, வந்தால் சாதகம் பொருந்தவில்லை என்று வரும். அடுத்த பூ பூக்கும்வரை அம்மா பொறுத்திருப்பார். எனக்கும் இப்போது அந்த வயது. யாராவது போனைத் தூக்கி, சிரியுங்கோ என்றாலே அலுப்பாக இருக்கிறது.

ஒரு டாலியாக் காலத்தில் சித்தி வேலை முடித்து நேரே வந்திருந்தார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினார். தோட்டத்துக் கழிவறையில் நீலப் பட்டுச்சேலைக்கு மாறி வெளியே வந்தவரை அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"தலை வெறுமையாக் கிடக்கு. பூ இல்லாமல் என்ன கலியாணப் படம்?"

சொல்லி முடிப்பதற்குள், பாத்தியில் இருந்த சிவப்பு டாலியா ஒன்று சித்தியின் கொண்டைக்கு ஏறிவிட்டது. பூ என்றால் தலைக்குத்தானே! அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

தள்ளுவண்டியோடு வந்த தோட்டக்காரர் எங்களைக் கண்டு நின்றார். அவர் கத்தவில்லை. இங்கே ஆட்கள் கத்தாமலே ஏசுவார்கள். அம்மா என் பக்கம் திரும்பி, "என்னவாம்?" என்றார்.

"பூ எல்லாரும் பார்க்கிறதுக்காம். பிடுங்கக் கூடாதாம்."

"எல்லாரும் பார்க்கத்தானே வச்சிருக்கிறம் எண்டு சொல்லு!"

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்தியே கொண்டையிலிருந்து பூவை உருவி, ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டு, அதை அவர் கையில் கொடுத்தார். பிறகு பட்டுச்சேலையோடு பாத்தியோரத்து ஈர மர வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இனி என்னைப் படம் எடுக்காதேங்கோ. எனக்கு ஏலாது."

"இந்த ஒண்டுதான், பிள்ளை. இதை விட்டால் இனிச் சித்திரையில துலிப் பூக்கும் மட்டும் இருக்க வேணும்."

"எனக்குக் களைச்சுப் போச்சு, அக்கா."

"அப்ப ரெண்டு நாள் லீவு போடன்," என்றார் அம்மா. சித்தி அழத் தொடங்கினார். படம் எடுக்கக் காத்து நின்ற அப்பா கமராவைப் பைக்குள் வைத்தார்.

தை மாதத்தில், வேலை இல்லாத ஒரு நாள், சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தோட்டத்துக்குப் போவமா?" என்றார். சூடான சொக்லேட் கிடைக்கும் என்பதால் போனேன். டாலியாக் கிழங்குகளைக் கிண்டி எடுத்த பாத்திகள் வெறும் மண்ணாகக் கிடந்தன. ரோஜாச் செடிகளைக் குளிருக்கு ஊசியிலைக் கிளைகளால் மூடியிருந்தார்கள். மாளிகையைச் சுற்றியிருந்த அகழி உறைந்துபோயிருந்தது. சித்தி தடித்த ஜக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக, போய் அதே வாங்கில் உட்கார்ந்தார்.

"இங்க ஒண்டுமே பூக்கேல்லையே, சித்தி," என்று சிணுங்கினேன்.

"ஓம், ஒண்டுமே இல்லை," என்றார். லொத்தர் சீட்டில் பரிசு விழுந்தவர்போல முகமெல்லாம் சிரிப்பு. காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கால் விறைத்தது. பாவம் சித்தி, தோட்டத்துக்கு எந்த மாதத்தில் வரவேண்டும் என்றுகூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.