ஓடாத ரயிலுக்கு ஒரு கேட்டுக்காரர்

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலிக் கேட்டில் எங்கள் தூக்குச்சட்டிகளைச் சோதித்தவர், முன்பு மலாக்கா ரயில்பாதையில் கேட்டுக்காரராக இருந்தவர். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்று காக்கிச் சட்டை. சோதித்து முடித்தாலும் உடனே விடமாட்டார். வெளியே புல் மண்டிக் கிடந்த பழைய பாதையை இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார்.

பால்மரம் வெட்ட நேரமாகிறதே என்ற எரிச்சலில் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தண்டவாளத்தைத்தான் ஜப்பான்காரன் சண்டக்காலத்துல சயாம்ல ரயில்பாதை போடப் பேத்துக்கிட்டுப் போயிட்டானேண்ணே. இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?"

"அதை ஏத்திப்போன ரயில்லதாம்மா எம்மவனையும் ஏத்துனான்," என்றார். "வந்தா இந்த வழியாத்தான வரணும்."

மறுநாள் அவர் பாதையை இருபுறமும் பார்த்தபோது, வாளியைக் கீழே வைத்துவிட்டு நானும் பார்த்தேன்.