ஜப்பான்காரரின் நட்சத்திரம்

எங்கள் வீட்டில் ஜப்பான்காரர் ஒருவரும் இருந்தார், தொலைக்காட்சிப் பெட்டிக்குள். அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினார். அந்த உறவில், கார் பந்தயத்தில் ஓட்டிய ஜப்பான்காரரை "நம்ம கம்பெனி ஆளு" என்று சொந்தம் கொண்டாடுவார்.

அந்தச் சொந்தக்காரர் முப்பது வயது தாண்டித்தான் பெரிய பந்தயத்துக்கே வந்திருந்தார். வந்த பிறகும் நேரம் சரியில்லை. ஒருமுறை எஞ்சின் புகையும். மறுமுறை கார் மணலில் புதையும். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நடந்து வரும்போதெல்லாம் அப்பா, "காடிதான் சரியில்லலா, ஆளு நல்ல ஆளு" என்று காரைத்தான் குறை சொல்வார்.

பந்தயம் காட்டும் அதே ஞாயிறு ராச்சாப்பாட்டு நேரத்தில்தான் இன்னோர் அலைவரிசையில் தமிழ்ப்படம். பல வாரம் பொறுத்த அம்மா ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள். "இந்தத் தடவையும் அவரு பாதியில நின்னாருன்னா, இனிமே ஞாயித்துக்கெழம படம்தான். சொல்லிட்டேன்."

அப்பா தலையாட்டினார். வாரமெல்லாம் பஸ்ஸோடு மல்லுக்கட்டி வீட்டில் வாயே திறக்காதவர், பந்தய நேரத்தில் மட்டும் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கத்துவார், சிரிப்பார். அந்த அப்பாவை இழக்க எனக்கு மனசில்லை.

ஞாயிறு காலை தண்ணீர்மலை முருகன் கோயிலில் பிள்ளைகள் எங்களுக்குத் தேவார வகுப்பு. வகுப்பு முடிந்ததும் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக் குருக்களிடம் நீட்டி, ஜப்பான்காரரின் பெயரைப் பிசகாமல் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். திருதிருவென்று விழித்தேன்.

குருக்கள் சிரித்துவிட்டார். "சுவாதிதானே? நேத்துதான் ஒருத்தவங்க இதே பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டுப் போனாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் நட்சத்திரமும் சுவாதிதான்! மாதாமாதம் அம்மா அதைச் சொல்லித்தான் அப்பாவுக்கு அர்ச்சனை செய்வாள்.

அன்றைய பந்தயத்தில் நல்ல மழை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் சறுக்கி வெளியேற, நம்மவர் உருட்டிக்கொண்டே போய் ஆறாவதாக வந்து சேர்ந்தார். ஆறாம் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அப்பா உலகக் கோப்பையே வந்துவிட்டதுபோல் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

சுற்றும்போதே கத்தினேன். "அப்பா, அவருக்கும் சுவாதிதான்! நேத்து யாரோ அர்ச்சனை பண்ணாங்களாம், குருக்கள் சொன்னாரு!"

அப்பா என்னை இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "கறி அடிப்பிடிக்குது" என்று அம்மா அடுப்படிக்கு ஓடினாள். கறியோ ஏற்கெனவே எங்கள் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த பந்தயத்தன்று, கார்கள் கிளம்பும் நேரத்தில் அப்பாவே எழுந்து போய்த் தமிழ்ப்படத்தை வைத்தார். வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மாவிடம் ஜெயித்த அப்பா எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? முருகனிடம் நான் பட்ட பாடெல்லாம் வீணா? நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நன்றிகெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.