கடைவாய்ப் பல்லுக்கு எடுத்த சீட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று, வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், நரம்பு வரை சொத்தையாகிவிட்டது. அப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். என் கணவருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. என் பல்லையும் அவர் முதலில் கணக்காகத்தான் பார்த்தார்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து மாடியில் இருந்த பல் டாக்டர் விலையைச் சொன்னார். பிடுங்கினால் ஐம்பது ரூபாய். காப்பாற்ற வேண்டுமென்றால் ரூட் கனால் எழுநூறு, அதன் மேல் போடும் கேப் அறுநூறு. ஆயிரத்து முந்நூறு என்பது என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

"முப்பத்திரண்டுல ஒண்ணு போனா என்ன? ஐம்பதோட முடிஞ்சுது" என்றார் கணவர்.

முப்பத்திரண்டெல்லாம் அவர் வாயில். என் வாயில் இரண்டு பிரசவத்துக்குப் பிறகு இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் ஏற்கெனவே கழன்றுவிட்டன. நான் மென்று சாப்பிட்டதே வலது பக்கத்தில்தான். அந்தப் பல்லும் போனால் ஆயுசுக்கும் ரசம் சாதம்தான். எனக்கு வயது அப்போது முப்பத்தாறு.

சரி, பணத்துக்கு வழி தேடினேன். டாக்டரிடமே கேட்டேன், தவணையில் கட்டலாமா என்று.

"நரம்பையும் தவணைல எடுக்கட்டுமாம்மா?" என்றார். ஜோக்கடித்துவிட்ட திருப்தியில் அவரே சிரித்துக்கொண்டார். அந்த மாடிக்குக் கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் மிக்ஸிக்கும் கட்டிலுக்கும் தவணை கொடுக்கப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அரைக்கிற இயந்திரத்துக்குத் தவணை உண்டு, அரைக்கிற பல்லுக்குக் கிடையாது.

பள்ளியில் முன்பணம் கேட்டேன். பிரசவத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் தருவது வழக்கமாம். அந்த மாதத்தில் எனக்கு இரண்டுக்குமே வசதிப்படவில்லை. கணவரின் கம்பெனியில் மருத்துவச் செலவு திருப்பித் தருவார்கள். ஆனால் பல் வைத்தியம் அழகு சம்பந்தப்பட்டது என்று அந்த பில்லை ஒதுக்கிவிடுவார்களாம். யாருமே பார்த்திராத கடைவாய்ப் பல்லில் எனக்கு என்ன அழகோ தெரியவில்லை. அடகு வைக்கலாம் என்றால் என் வளையல்கள் இரண்டும் ஏற்கெனவே சேட்டுக் கடையில் குடியிருந்தன.

மிச்சமிருந்தது காலனிச் சீட்டு. இருபத்தைந்து பேர், மாதம் நூறு ரூபாய். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் சீட்டுக்காரம்மா வீட்டு ஹாலில் ஏலம். சேரும் இரண்டாயிரத்து ஐந்நூறில் யார் அதிகம் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்கு மீதிப் பணம். தள்ளிய தொகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதாவது, ரொம்பக் கஷ்டத்தில் இருப்பவர் மற்ற இருபத்து நாலு பேருக்கும் மொய் எழுதிவிட்டு மீதியை எடுத்துப் போகலாம். அதனால் ஏலத்தன்று யாருக்கும் அவசரம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. எல்லோரும் சும்மா அந்தப் பக்கம் வந்தவர்கள் போலத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

நானும் அப்படித்தான் போனேன். வீங்கிய கன்னத்தைச் சுவர்ப்பக்கமாக வைத்து, முந்தானையை இழுத்து மூடி, அடக்கி வைத்த கிராம்போடு சிரித்த முகமாக உட்கார்ந்தேன். ஐந்நூறு தள்ளினால் போதும் என்று கணவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்.

இரும்புலியூரில் இட்லிக் கடை வைத்திருந்த அக்கா கடைசியாக வந்தார். காலனியில் என்மேல் உண்மையான பிரியம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். வந்ததும் நேராக என் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்.

"ஐயே, இன்னா டீச்சர், கன்னம் இப்டி வீங்கிக் கீது! பல்லா? ரெண்டு நாளா சோறு துன்ன மாரியே தெர்லியே!"

ஹாலில் எல்லோரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். அந்தப் பரிவோடுதான் ஏலத்தையும் தொடங்கினார்கள். நான் முந்நூறு என்றேன். அந்த மாதம் பணமே தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த எதிர் வீட்டு அம்மா நானூறு என்றார். அவருக்குச் சீட்டு வேண்டாம், என் தள்ளுதான் வேண்டும். எண்ணூறு வரை என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, தொள்ளாயிரம் என்றார். எனக்கு நரம்பு ஒரு இழுப்பு இழுத்தது. "ஆயிரம்!" என்று கத்தினேன். அவர் உடனே வாயை மூடிக்கொண்டார்.

ஆயிரத்து ஐந்நூறு கையில் வந்தது. தலைக்கு நாற்பது ரூபாய் கிடைத்த சந்தோஷத்தில் ஆளாளுக்கு எனக்கு உப்புத் தண்ணீர் வைத்தியம் சொன்னார்கள்.

மூன்று தடவை போய் ரூட் கனால் முடிந்தது. வலி போயே போய்விட்டது. "நரம்பு எடுத்த பல் சீக்கிரம் உடையும்மா. ரெண்டு வாரத்துல வந்து கேப் போட்டுக்குங்க" என்றார் டாக்டர். கேப்புக்கான அறுநூறை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்தேன்.

அந்த வாரம் கணவர் தாம்பரத்தில் ஒரு கலர் டிவி பார்த்துவிட்டு வந்தார். பழையதைக் கொடுத்துவிட்டு, முன்பணம் கட்டினால் மீதி தவணையில். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாளாம். முன்பணத்தில் சரியாக அறுநூறு ரூபாய் குறைந்தது. கணக்கில் அவர் எப்போதுமே துல்லியம்.

"இப்ப வலிக்கலதானே? அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்றார்.

அவர் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நானேதான் பீரோவைத் திறந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். வலி போனதும் என் பல் எனக்கே அநாவசியச் செலவாகத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அவர்மேல் வரும் கோபத்தைவிட என்மேல் வரும் கோபம்தான் அதிகம். அடுத்த மாதம் பள்ளி ஃபீஸ் வந்தது, அதற்கடுத்த மாதம் அவர் தங்கை வீட்டு வளைகாப்பு வந்தது. ஏழாவது மாதம் கலர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து முறுக்கு கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுப் பிடுங்கினார். ஐம்பது ரூபாய். வீட்டுக்கு வந்து பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பவே பிடுங்கிடலாம்னு சொன்னேன்ல" என்றார் கணவர்.

வாயில் பஞ்சு இருந்ததால் அன்று அவர் பிழைத்தார். சீட்டுக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்தது. இனிமேல் ஐந்தாம் தேதியானால் நீங்கள்தான் போய்க் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

முதல் மாதம் போய்விட்டு வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக டிவி போடாமல் உட்கார்ந்தார்.

"யாராவது ஏதாவது கேட்டாங்களா?" என்றேன்.

"இட்லிக் கடை அக்கா, உன் பல்லு எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."