கோச்சுக்குப் போர்த்தின பொன்னாடை

என்ர மனுசன் வாழ்க்கையில ஒரு நாளும் பந்தைக் காலால தொட்டதில்லை. சின்ன வயசில கிரவுண்டுக்குப் போனதே கச்சான் தின்னத்தான். ஆனால் மகள் கொலிஜில பெண்கள் ஃபுட்போல் ரீமில சேர்ந்த அண்டைக்கு அவருக்கு ஒரு பக்தி தொடங்கினது. மகளில இல்லை, கோச்சில. கோச் எங்கட ஆள், தமிழர். அது காணும். மட்ச் தோத்தால் ரெஃபரி இனவாதி. வெண்டால் கோச் தெய்வம். இடையில ஓடினது பதினொரு பொம்பிளைப் பிள்ளையள் எண்டது அவருக்கு ஞாபகமே வாறதில்லை.

இப்பிடிப் பக்தர்கள் ஒராள் ரெண்டுபேர் இல்லை. பெற்றோர் வட்ஸ்அப் குழு முழுக்க அவையள்தான். காலமை எழும்பினால் "குட்மோர்ணிங் கோச்" எண்டு ரோசாப்பூப் படம். தூர அஜக்ஸ் ஊரில இருந்து மட்சுக்குப் போற அண்ணைமார், 401 ஹைவேயில கார் நகராமல் நிண்டாலும், கோச்சுக்கெண்டு கட்டின கொத்துரொட்டிப் பார்சலை ஆற விடமாட்டினம். ஹீட்டருக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு போவினம். வீட்டில மனுசிக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுத்த கையள் இல்லை அது.

பிறகு ஒரு நாள் அந்தக் குழு பத்தி எரிஞ்சுது. அடிபட்ட பிள்ளையளை டொக்டரிட்டைக் காட்டாமல் கோச் திருப்பி விளையாட இறக்கினவர் எண்டு ஆரோ கொலிஜில முறைப்பாடு குடுத்திட்டினம். விசாரணை முடியுமட்டும் அவர் வீட்டில இருக்கவேணுமாம். "சதி" எண்டார் ஒரு அங்கிள். "பொறாமை" எண்டா ஒரு அன்ரி. "எங்கட சனம்தான் எங்கட சனத்தை இழுத்து விழுத்துறது" எண்டு என்ர மனுசன் மூண்டு நிமிசம் குரல்பதிவு போட்டார், அதில ரெண்டு நிமிசம் இருமல். முறைப்பாடு குடுத்த உவள் ஆரெண்டு கண்டுபிடிக்க ஒரு உபகுழு வேற.

உவள் எங்கட வீட்டு மேல்மாடியில, திரைச்சீலையை இழுத்து மூடிப்போட்டுப் படுத்திருந்தாள்.

மகள் எனக்கு மட்டும்தான் சொன்னவள். ஒஷாவாவில நடந்த ஒரு மட்சில மற்ற ரீம் பிள்ளையோட தலை மோதினது. அண்டையில இருந்து தலையிடி. வெளிச்சம் கூடாது, லப்டொப்பை ஒரு மணித்தியாலம் பாக்க ஏலாது, ரெண்டு பாடத்தை விட்டிட்டாள். டொக்டர் மூளையில அதிர்ச்சி எண்டு எழுதிக் குடுத்தவர். தேப்பனுக்கு அது போன் நோண்டுற வருத்தம்.

"இப்ப அப்பாக்குச் சொல்லாதேங்கோ, அம்மா. அவர் அண்டைக்குப் பந்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டிருப்பார். எனக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. விசாரணை முடிய நானே சொல்லுறன். ஹீ'ல் பிலீவ் மீ."

கோச்சுக்கு என்ன நடக்குதெண்டது அவளுக்குப் பெரிசில்லை. தேப்பன் தன்னை நம்பவேணும், அவ்வளவுதான். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தன்.

எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஒராளுக்குப் பிரச்சினை எண்டால் லோயரைப் பிடிக்க முதல் ஹோலைப் பிடிக்குங்கள். மில்லிக்கன் பக்கம் கலியாணவீடு நடக்கிற ஒரு பாங்குவட் ஹோலில, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோச்சுக்குக் கௌரவிப்பு விழா. அங்கால விசாரணை நடந்துகொண்டிருக்கு, இஞ்சால மங்கள விளக்கு எரியுது! ரெண்டு மணிக்கெண்டது மூண்டரைக்குத் தொடங்கிச்சுது. பொன்னாடைக்கு மேல பொன்னாடை போர்த்து, கோச் கண் மட்டும் தெரிய இருந்தார். "சமூகத்தின் கலங்கரை விளக்கம்" எண்டு கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலும் வாசிச்சினம். மகள் வரமாட்டன் எண்டிட்டாள். நான் போனன். போகாட்டில் சனம் என்ன நினைக்கும்? முன்வரிசைக் கதிரையும் கிடைச்சுது.

மேடைக்கு வந்த தேப்பன்மாருக்குள்ள ஒரு போட்டி, கோச்சிட்டை ஆற்ற பிள்ளை ஆகக் கூடக் கஷ்டப்பட்டதெண்டு. ஒராள், தன்ர மகள் கால்விரல் உடைஞ்சும் முழு மட்ச் ஓடினவள் எண்டார். கைதட்டல். அடுத்தவர் விடுவாரோ? தன்ர மகளுக்கு முழங்கால் பனங்காய் மாதிரி வீங்க, கோச் துணியைச் சுத்திக் கட்டிப்போட்டு இறக்கினவராம். விசில். கடைசியா என்ர மனுசன் மைக்கைப் பிடிச்சார்.

"என்ர மகள் மண்டையில அடிபட்டு, சத்தி எடுத்து, என்னையே ஆரெண்டு கேட்டவள்! நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான். சரியாப் பத்து நிமிசத்தில கோச் அவளைத் திருப்பி இறக்கினார். அவரல்லோ கோச்!"

ஹோல் அதிர்ந்துபோச்சு.

நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. விழாக்குழு விழாவை வீடியோ எடுத்து, அதில பேசின ஒவ்வொருத்தற்ற பேரையும் போட்டு, கீழ இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் ஓடவிட்டு, "முழுச் சமூகமும் கோச்சுக்குப் பின்னால நிக்குது" எண்டு தாங்களே கொலிஜுக்கு அனுப்பினவை. விசாரிச்ச பொம்பிளை நன்றி சொல்லிப் பதில் போட்டாவாம், மிச்சம் பிரயோசனமா இருந்ததெண்டு. அந்தப் பதிலையும் குழுவில போட்டு, வெற்றி வெற்றி எண்டு வெடி கொளுத்துற படமும் போட்டுதுகள். விசருகள்!

கோச்சை வேலையால நிப்பாட்டிப்போட்டினம். மகளுக்கு வந்த கடிதத்தை அவள் அச்சடிச்சுக்கொண்டு வந்து, சனிக்கிழமை காலமை இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தேப்பனுக்கு முன்னால வைச்சாள். "முறைப்பாடு குடுத்தது நான்தான், அப்பா" எண்டாள். அவர் ரெண்டுதரம் வாசிச்சார். முறைப்பாட்டை உறுதிப்படுத்துற சாட்சியெண்டு அவற்ற பேச்சுத்தான் கடிதத்தின்ர முதல் பந்தியில கிடந்தது.

"நீ ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பன்தானே" எண்டார். எனக்கே பாவமாப் போச்சு.

"உங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் உங்களோட கோவிக்காமல் இருந்தனான், அப்பா. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள். மணிக்கூடும் பாத்திருக்கிறீங்கள்."

அவற்ற கை இடியப்பத்திலயே கிடந்தது. வேணும் இந்த மனுசனுக்கு, நல்லா வேணும் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு நான் சொதிச்சட்டியை எடுக்க எழும்பினன்.

அவள் என்ர பக்கம் திரும்பினாள். "வீடியோவில உங்களையும் காட்டுறாங்கள், அம்மா. அப்பா அதைச் சொல்லி முடிய, நீங்கள் கை தட்டுறீங்கள்."

"எல்லாரும் தட்டினவை, பிள்ளை" எண்டன்.