கேட்காமல் எடுத்த வண்டி

அவளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் வீடு வீடாகப் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பதுதான் வேலை. நோயாளிகள் வைத்த பெயர் பம்பரம். ஒரு நாளைக்கு ஏழு வீடு. அதற்காகவே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பழைய கார் வாங்கியிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால் வாசலில் கார் இல்லை. மேசைமேல் வைத்த சாவியும் இல்லை, முந்தின நாள் வந்து தங்கிய கொழுந்தனும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் எடுப்பது அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் அதுவரை குடை, சார்ஜர், அண்ணனின் சட்டை என்ற அளவில் நின்றிருந்தது. அரை மணி கழித்து அவனே போன் செய்தான். நண்பனைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுக்கும்போது மூக்குக்கண்ணாடிக் கடையின் முகப்பில் இடித்துவிட்டானாம். யாருக்கும் அடி இல்லை. கடைக் கண்ணாடி தூள்தூள். காரின் பின்கதவு உள்ளே மடங்கிவிட்டது.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று கணவர் சாவகாசமாகச் சொன்னார். மறுநாள் வந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஓட்டியவர் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டினாரா? ஆமாம் என்று போட்டுவிடு, ஒரு வார்த்தைதானே என்றார் கணவர். மாமியார் ஒரு படி மேலே போய், வீட்டுப் பிள்ளைமேல் பழி போடாதே என்று கண்கலங்கினார். அவள் பேனாவை எடுப்பாள், வைப்பாள், எழுந்து போய் மடித்த துணியையே மறுபடி மடிப்பாள். இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்வரை காரை எடுக்கக் கூடாது என்றதால் மூன்று நாள் பஸ்ஸில் அலைந்தாள். இரண்டு நோயாளிகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள், தோள்பட்டை இறுகிப்போன ஒரு வக்கீலம்மாவின் கையைச் சுவரோரமாக உயர்த்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். வலியில் பல்லைக் கடித்தபடியே வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வி, ஓட்டினவருக்கு லைசன்ஸ் இருக்கா என்பதுதான். அது காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அப்போ யோசிச்சு எழுதுங்கம்மா. அனுமதி குடுத்தேன்னு எழுதினா, லைசன்ஸ் இல்லாதவர் கையில சாவியக் குடுத்த பொறுப்பு உங்க தலையில விழும். கடைக்காரர் உங்களையும் சேர்த்துக் கேப்பார். குடுக்கலேன்னா, முதல் பொறுப்பு எடுத்துட்டுப் போனவருக்குத்தான். ஆனா கம்பெனி போலீஸ் புகார் கேக்கும்."

"புகார் குடுத்தா வீடு ரெண்டாயிடும்மா."

"அது சட்டத்துல இல்ல," என்றார் வக்கீலம்மா. "கையக் கொஞ்சம் கீழ இறக்குங்க, உயிர் போகுது."

அங்கிருந்து நேரே கொழுந்தன் வேலை செய்யும் அச்சகத்துக்குப் போனாள். இயந்திரச் சத்தத்தில் பேச்சு காதில் விழவில்லை. அவனைக் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் அழைத்துப்போனாள். அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான்.

"நம்ம வண்டிதானே அண்ணி. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டீங்களா?"

"லைசன்ஸ எடுன்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் நீ கேக்கல."

அவன் முகம் சுண்டிப்போனது. போலீசுக்குப் போக மாட்டேன், ஆனால் பொய்யும் எழுத மாட்டேன் என்றாள். கேட்காமல் எடுத்தேன், கடைக்கும் காருக்கும் ஆன சேதம் என் பொறுப்பு என்று அவன் கைப்பட எழுதித் தர வேண்டும். அவன் கையிலிருந்த மைக்கறையைத் துடைத்துவிட்டு, வீணான ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

படிவத்தில் அவள் இல்லை என்று எழுதினாள். புகார் நகல் இல்லாததால் கம்பெனி கைவிரித்தது. கடைக்காரர் மட்டும் கொழுந்தனின் கடிதத்தைப் படித்துவிட்டு, நஷ்டத்தை அவனிடமே வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார், ஒரே மாதத்தில் அவன் கடை முகப்புக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தான். காரின் கதவுக்குத்தான் ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை கயிற்றால் கட்டிய கதவோடு, கடகடவென்ற சத்தத்தோடு வீடு வீடாக ஓட்டினாள். மாமியார் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் எழுதியது சரியென்று கணவரும் ஒருநாள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. புதுக் கதவு பொருத்திய அன்று கொழுந்தன் மெக்கானிக் கடைக்கு வந்து, வேலை முடியும்வரை ஓரமாக நின்றிருந்தான். கிளம்பும்போது, உன்னை அச்சகத்தில் விடட்டுமா என்று அவள் கேட்டாள். அவன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.