அணைத்த எஞ்சினும் எல்கடுவ இறக்கமும்

எங்கள் பழைய காருக்குள் எப்போதும் மண்ணெண்ணெய் வாடைதான்...

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த என் கணவர், செலவை மிச்சம் பிடிக்க பெட்ரோலோடு அதையும் கலப்பார். மலையடியில் உள்ள மாத்தளை டவுனுக்கு இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு உருள விடுவார். மலையில் அநேகமான டிரைவர்மாருக்கு அதுதான் வழக்கம்.

"திரும்ப ஸ்டார்ட் ஆகாட்டி?" என்பேன்.

"இறக்கம் இருக்கிற வரைக்கும் என்ன பயம்?"

எண்பதுகளின் கடைசி. இலங்கையில் கிளர்ச்சிக்காரர்களும் ஆமியும் மாறி மாறிக் கொன்று போட்ட நேரம். விடிந்தால் பாதையோரம் யாருடைய பிணம் கிடக்குமோ என்று ஊரே கதவைச் சாத்தியிருந்த காலம். ஒரு நாள் காலை எங்கள் சின்ன மகளுக்கு வீசிங், உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

கடும் பனிமூட்டம். வழக்கம்போல எஞ்சினை அணைத்து, சத்தமில்லாமல் உருண்டோம். ஒரு வளைவில் பாதையை மறித்து யாரோ மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கார் நுழைய இடம் இருந்தது. ஆனால் அங்கே பாதை சற்று மேடு.

கார் நின்றது. சாவியைத் திருப்பினார். மண்ணெண்ணெய் கலந்த எஞ்சின், குளிர்ந்துபோனால் பிடிக்காது.

பிள்ளை மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும்...

பிறகு, வெளியே இன்னொரு மூச்சு.

காற்றே இல்லை. தேயிலைச் செடிகள் அசைந்தன. கார் மெல்ல நகர்ந்தது.

"என்னங்க, யாரு தள்ளுறாங்க?"

"பேசாத. திரும்பிப் பாக்காத."

மேட்டைத் தாண்டி உருண்டோம். கியரைப் போட்டதும் எஞ்சின் பிடித்தது.

பிள்ளை பிழைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால், டிக்கியெங்கும் சேற்றுக் கைத்தடங்கள். அவர் அவசரமாகத் துடைத்தார். யார் தள்ளியது என்று ஆமிக்காரன் கேட்டால்? மரத்தை வெட்டியவர்களா, அவர்களுக்குப் பயந்து தேயிலைக்குள் ஒளிந்தவர்களா... எங்களுக்கே தெரியாது.

இன்று அந்த மகளின் புதுக் கார், சிக்னலில் தானாகவே அணைகிறது. பெட்ரோல் மிச்சமாம். அதற்கென்று தனி பேட்டரி. சாதாரண பேட்டரி தாங்காதாம். போன மாதம் நானும் அவளும் போகையில், சிவப்பு விளக்கில் அணைந்த கார், பச்சை விழுந்தும் எழும்பவில்லை. பேட்டரி செத்திருந்தது.

"யாரையாவது தள்ளச் சொல்லு," என்றேன்.

"ஆட்டோ கியர்மா. தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது," என்று சிரித்தாள். "இல்லாட்டி அப்பா இருந்திருந்தா, அன்னைக்கு எல்கடுவயில தள்ளின மாதிரி தள்ளியிருப்பாரு."

அவர் அன்று ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை.

பேரப்பிள்ளைகளின் எழுத்துப் பிழையைக்கூட விடாத கான்வென்ட்காரி நான். அவள் சொன்ன அதை மட்டும் திருத்தவில்லை.