நகர்ந்து நின்ற புள்ளி

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பதும் புள்ளி வைப்பதும் என் வேலை. பக்கவாட்டில் எடுத்த மண்டைப் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டுவேன். மூக்கின் வேர், தாடையின் முனை, காதருகே தாடை மாட்டியிருக்கும் மூட்டு என்று எலும்பின் இடங்களைப் பென்சிலால் குறிப்பேன். அதை வைத்துத்தான் டாக்டர் கோணம் அளப்பார்.

சரிபார்க்க, ஒரே படத்துக்கு இரண்டு முறை புள்ளி வைப்பேன். முதல் தாளை டாக்டர் மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஒரு வாரம் கழித்து இரண்டாவது. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் புள்ளிகள் ஒன்றாக விழும். என் கை அப்படி.

அது எண்பதுகள். சுங்கை வே பக்கம் ஒரு பெக்டரியில் வேலை செய்யும் பெண் வந்தாள். கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது. எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளி, அது கூடும்வரை வாயைக் கட்டிவைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"வாயக் கட்டிப் போட்டா எத்தன நாள் அங்கிள்?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆறு வாரம்."

"அவ்ளோ நாள் லீவு யாரு குடுப்பா? வேற ஆள் வெச்சிருவாங்க லா. பேசாம இந்தத் தாடையோடயே இருந்துறவா?"

படம் எடுத்து, முதல் தாளில் புள்ளி வைத்து டாக்டரிடம் கொடுத்தேன்.

இரண்டாவது தாள் வைத்த அன்று எல்லாப் புள்ளியும் பொருந்தியது. மூட்டுப் புள்ளி மட்டும் தள்ளி நின்றது.

"அது அப்படித்தாண்ணே. காது எலும்பு மேல வந்து மறைக்கும். யார் வெச்சாலும் நகரும்," என்றார் டாக்டர்.

"நான் வெச்சா நகராது டாக்டர்."

அவர் சிரித்தார். "அப்ப எலும்பு நகந்துச்சா?"

படத்தை மறுபடி பெட்டியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தேன். மூட்டில் தாடையின் குமிழ் அதன் குழியில் உட்காரவில்லை. முன்னால் இறங்கி நின்றது. முதல் தடவை, வழக்கமாக இருக்கும் இடத்தில், கண் பழக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டாம் தடவைதான் உள்ளதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இறங்கியது? படம் எடுத்த அன்று நான்தான் "நல்லா இறுக்கிக் கடி" என்றேன். அவளுக்கு மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் முதலில் இடிக்கும். தாடையை முன்னே தள்ளினால்தான் பின்பற்களை இறுக்க முடியும். சொன்னபடி செய்திருக்கிறாள்.

டாக்டரிடம் போனேன்.

"எலும்பு நகந்துதான் இருக்கு. படம் எடுத்த விதம் தப்பு. தப்பு என்னுது. அந்தப் புள்ளைய மறுபடி கூப்பிடுங்க."

சனிக்கிழமை வந்தாள். தலையை மெஷினில் பொருத்தினேன்.

"கடிக்காத. நாக்க மேல மடிச்சுப் பின்னால கொண்டு போ. எச்சில முழுங்கு. அப்படியே இரு."

"அன்னிக்குக் கடின்னீங்க, இன்னிக்குக் கடிக்காதன்றீங்க. மொதல்ல நீங்க முடிவு பண்ணுங்க அங்கிள்."

"முழுங்கு."

புதுப் படத்தில் குமிழ் குழிக்குள் இருந்தது. முன்பற்கள் நுனியோடு நுனி நின்றன. டாக்டர் இரண்டு முறை கோணம் அளந்தார். தாடை அவ்வளவு நீளமில்லை, அறுக்க வேண்டாம், பல்லுக்குக் கம்பி போதும் என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப திங்கக்கெழம ஷிப்டுக்குப் போலாமா?"

"போ."